இருப்பதா, புறப்படுவதா? பேரிடர் நேர முடிவும் நம் வீட்டுப் பத்திரங்களும்

2019ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள். ஒடிசா மாநிலக் கடற்கரையை ஒட்டிய சிற்றூர்க் கிளை ஒன்றில் அப்போது நாங்கள் பணியாற்றிக்கொண்டிருந்தோம். ‘ஃபனி’ எனப் பெயரிடப்பட்ட கடும்புயல் மறுநாள் காலை பூரி அருகே கரையைக் கடக்கும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்திருந்தது. ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் தெருத்தெருவாகச் சென்று மக்களைப் பாதுகாப்பு மையங்களுக்கு அழைத்துக்கொண்டிருந்தன. காசாளர் ரொக்கத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். நாங்கள் கணினிகளையும் பேரேடுகளையும் உயரமான இடத்திற்கு மாற்றிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில், நெடுநாள் வாடிக்கையாளரான மூதாட்டி ஒருவர் கிளைக்குள் வந்தார். அவருக்குப் பின்னால், தலையில் ஒரு தகரப் பெட்டியுடன் அவருடைய பேரன்.

“இந்தப் பெட்டியை உங்கள் இரும்பு அறையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நான் முகாமுக்குப் போகிறேன். முடியாதென்றால் இதோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்” என்றார் அவர்.

வாடிக்கையாளரின் பூட்டிய பெட்டியை அவ்வாறு பெற்றுக்கொள்ள வங்கி விதிகள் இடம் கொடுப்பதில்லை. மேலும் எங்கள் கிளையே தரைத்தளத்தில்தான் இருந்தது. எனவே பெட்டியைத் திறந்து காட்டும்படி கேட்டோம். உள்ளே இரண்டு வைப்புநிதி ரசீதுகள், பாஸ்புக், வீட்டு மனைக்கான பட்டா, கணவரின் இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் அட்டை, ஒரு சோடித் தோடு, சில பட்டுப் புடவைகள், சட்டமிட்ட ஒரு புகைப்படம் ஆகியவை இருந்தன.

எங்கள் ஒடியா மொழி அரைகுறையானது. ஆதலால், அவ்வூரைச் சேர்ந்த எழுத்தர்தான் அவரிடம் பேசினார்: “அம்மா, உங்கள் பணம் இந்தத் தாளில் இல்லை, வங்கியின் கணக்கில் இருக்கிறது. ரசீது நனைந்தாலும் பணம் நனையாது. நீங்கள் திரும்பி வந்தால் வேறு ரசீது எழுதித் தருவோம்.”

மூதாட்டி சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு பட்டா, ஆதார் அட்டை, இறப்புச் சான்றிதழ், தோடு, சட்டத்திலிருந்து கழற்றிய புகைப்படம் ஆகியவற்றை மட்டும் எடுத்தார். நாங்கள் கொடுத்த தடித்த பிளாஸ்டிக் உறையில் அவற்றை இட்டு, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பெட்டி பேரனின் தலையில் மீண்டும் வீட்டுக்குப் போயிற்று. பாட்டியும் பேரனும் அன்று மாலையே பாதுகாப்பு மையத்துக்குச் சென்றனர். புயலுக்குப் பிறகு அவர்களுடைய வீட்டிற்குக் கூரை இல்லை. பெட்டி சேற்றில் கவிழ்ந்து கிடந்தது.

எச்சரிக்கை அவருக்கு எட்டாமல் இல்லை. பாதுகாப்பு மையமும் நடக்கும் தொலைவில்தான் இருந்தது. அவரைத் தடுத்து நிறுத்தியது அந்தப் பெட்டிதான். வீட்டில் இருப்பதா, வெளியேறுவதா என்னும் முடிவில் பாதியை, நம் பொருள்களையும் பத்திரங்களையும் நாம் எவ்வாறு வைத்திருக்கிறோம் என்பது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. எனவே வங்கி அலுவலர்களாகிய நாங்கள் இப்பொருளைப் பற்றி எழுதுவது பொருத்தமே எனக் கருதுகிறோம்.

ஒடிசா கற்றுத்தந்த பாடம்

1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எர்சாமா பகுதியில் இழப்பு மிகக் கொடியதாக இருந்தது. காற்றைவிட, காற்றோடு சேர்ந்து எழும்பி ஊருக்குள் புகுந்த கடல் நீரே பெரும்பாலான உயிர்களைக் கொண்டுசென்றது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2013ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று ‘பைலின்’ புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. அதுவும் மிகக் கடுமையான புயலே. ஆயினும் உயிரிழந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. 2019இல் ‘ஃபனி’ வந்தபோது ஒடிசாவில் 64 பேர் உயிரிழந்தனர். ஒவ்வோர் உயிரும் பேரிழப்பே. எனினும், 1999ஆம் ஆண்டோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாடு வியப்பளிக்கிறது.

புயல்கள் இரக்கம் கொண்டுவிடவில்லை. மக்கள் முன்னதாகவே இடம் மாறினர். பைலினுக்கு முன் சுமார் 10 லட்சம் பேரும், ஃபனிக்கு முன் சுமார் 12 லட்சம் பேரும் கரையோரத் தாழ்நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மாநிலத்தில் பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. கடலோரமெங்கும் நூற்றுக்கணக்கான புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. அவற்றுள் பல, மற்ற நாள்களில் பள்ளிக்கூடங்களாக இயங்குபவை. தன் பிள்ளை நாள்தோறும் படிக்கும் கட்டடம் என்பதால் அங்கே போகத் தாய்க்குத் தயக்கம் இருப்பதில்லை. இத்தகைய நம்பிக்கையே எச்சரிக்கையைச் செயலாக்குகிறது.

காற்றுக்குச் சுவர் காவல். நீருக்கு உயரமே காவல்

‘பேரிடர் என்றால் ஓட வேண்டும்’ என்றோ, ‘வீட்டைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை’ என்றோ ஒரே விதியை எல்லா இடர்களுக்கும் பொருத்த இயலாது. வரப்போவது எது, நம் வீடு எத்தகையது, அது எங்கே நிற்கிறது என்ற மூன்றையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

புயல்: காற்றை உறுதியான சுவர் தாங்கும். புகுந்து வரும் கடல் நீரை எந்த வீட்டுச் சுவரும் நம்பத்தக்க முறையில் தாங்காது. எனவே கடலோரத் தாழ்நிலத்தில் உள்ளவர்கள், கான்கிரீட் வீடாகவே இருந்தாலும், அதிகாரிகள் அழைத்தவுடன் வெளியேற வேண்டும். குடிசை, ஓட்டு வீடு, தகரக் கூரை வீடு ஆகியவற்றில் வசிப்போர் கடலிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தாலும் வெளியேறுவதே முறை. கடலுக்கு அப்பால், மேட்டு நிலத்தில், உறுதியான கான்கிரீட் வீட்டில் இருப்போர் வெளியேறுமாறு உத்தரவு இல்லாதபோது வீட்டிலேயே இருக்கலாம். அவர்கள் கதவு, சன்னல்களை அடைத்து, கண்ணாடியிலிருந்து விலகி, வீட்டின் உட்பகுதி அறையில் தங்க வேண்டும். புயலின் மையப்பகுதி ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென அடங்கும். ‘புயல் ஓய்ந்தது’ என்று எண்ணி வெளியே வருவோர் பலர். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று மீண்டும் வீசும். புயல் கடந்துவிட்டது என்று முறையான அறிவிப்பு வரும்வரை வெளியே வருதல் கூடாது.

வெள்ளம்: 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னையில் பெய்த பெருமழையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர்ந்து அடையாற்றின் கரையோரப் பகுதிகளை இரவோடு இரவாக மூழ்கடித்தன. தரைத்தளத்தில் உறங்கச் சென்றவர்கள் நள்ளிரவில் இடுப்பளவு நீரில் எழுந்தனர். ஆற்றங்கரை, ஏரிக்கரை, பழைய நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகியவற்றில் தரைத்தள வீடுகளில் வசிப்போர் நீர் திறப்பு அறிவிப்பைக் கேட்டவுடன் பகலிலேயே இடம் மாறுதல் நலம். அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் இருப்போருக்கு நீரால் நேரடி ஆபத்துக் குறைவு. ஆனால் மின்சாரம், குடிநீர், மருந்து, மின்தூக்கி ஆகியவை பல நாள்கள் இல்லாமற் போகலாம். இன்சுலின் ஊசி, ஆக்சிஜன், டயாலிசிஸ் போன்றவற்றை நம்பியிருப்போரும், நிறைமாதக் கர்ப்பிணிகளும் மேல்தளத்தில் இருந்தாலும் முன்னதாகவே புறப்பட வேண்டியவர்கள்.

நீர் சூழ்ந்த பின் வெளியேறுவது பல நேரங்களில் வீட்டில் இருப்பதைவிட ஆபத்தானது. சுமார் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் விரைந்து ஓடும் நீரே ஒருவரை நிலைதடுமாறி விழச் செய்யும். 30 சென்டிமீட்டர் நீர் சிறிய காரை மிதக்கச் செய்யும். 60 சென்டிமீட்டர் நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். எனவே நீர் சூழ்ந்துவிட்டால் மின்சாரத்தின் முதன்மை இணைப்பைத் துண்டித்து, மேல்தளத்திற்கோ மொட்டை மாடிக்கோ ஏறி உதவிக்குக் காத்திருப்பதே அறிவுடைமை.

ஆழிப்பேரலை: இதற்கு மட்டும் ஆலோசனைக்கு நேரமே இல்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்துத் தமிழகக் கரையை அலை அடைந்தது. அன்று நம்மிடம் எச்சரிக்கை அமைப்பு இல்லை. இன்று ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அப்பணியைச் செய்கிறது. கரையில் நிற்கும்போது நிலம் பலமாக அதிர்ந்தாலும், கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினாலும், எந்த அறிவிப்பிற்கும் காத்திராமல் மேட்டை நோக்கி விரைய வேண்டும். எதையும் எடுக்கத் திரும்புதல் கூடாது. முதல் அலை வடிந்ததும் வீட்டைப் பார்க்கச் செல்வதும் கூடாது. பின்வரும் அலைகள் முதலாவதைவிடப் பெரியனவாக இருக்கக்கூடும்.

நிலநடுக்கம்: அதிரும்போது ஓடுவது ஆபத்து, உறுதியான மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். அதிர்வு நின்ற பின் படிக்கட்டு வழியாக வெளியேறித் திறந்தவெளிக்குச் செல்ல வேண்டும். விரிசல் கண்ட கட்டடத்திற்குள் பொறியாளர் பார்த்து ஒப்புதல் அளிக்கும்வரை நுழைதல் கூடாது.

நிலச்சரிவு: 2024ஆம் ஆண்டு சூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த பேரழிவு, ஊர் உறங்கும் பின்னிரவில் வந்தது. மலைச்சரிவில் தொடர்ந்து கனமழை பெய்யும்போதும், தரையில் புதிய விரிசல், சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கி வரும் ஓடை போன்றவற்றைக் காணும்போதும் பொழுது சாயும் முன் இடம் மாறுதல் வேண்டும்.

நச்சு வாயு: இங்கே விதி தலைகீழாகிறது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் வாயு கசிந்தபோது, தெருவில் இறங்கி ஓடியவர்கள் மூச்சிரைத்து அதிக நச்சை உள்ளிழுத்தனர். வாயுக் கசிவு என்றால் முதலில் கதவு, சன்னல்களை மூடி, இடைவெளிகளை ஈரத்துணியால் அடைத்து, முகத்தையும் ஈரத்துணியால் மூடிக்கொண்டு உள்ளேயே இருத்தல் வேண்டும். வெளியேறுமாறு அதிகாரிகள் கூறினால், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து அப்பால் செல்ல வேண்டும்.

கடைசிப் பாதுகாப்பான மணி

புறப்படுவது என்று முடிவு செய்தவர்களும் தவறுவது ‘எப்போது’ என்பதில்தான்.

வானிலை ஆய்வுத் துறையின் நிறக் குறியீடுகளை நாம் அனைவரும் தொலைக்காட்சியில் காண்கிறோம். மஞ்சள் என்றால் கவனித்திருங்கள். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் செயல்படுங்கள். புயலைப் பொறுத்தவரை முதல் அறிவிப்பு ஏறத்தாழ 72 மணி நேரத்திற்கு முன்பும், அடுத்தவை 48, 24, 12 மணி நேரத்திற்கு முன்பும் வெளியிடப்படுகின்றன. ஆக, நமக்கு மூன்று நாள் அவகாசம் இருப்பதுபோல் தோன்றும்.

ஆனால் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். புயல் வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்குக் கரையைக் கடக்கும் என்று கொள்வோம். பலத்த காற்று அதற்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். இரவில் மரம் விழுந்த சாலையில் முதியவரை அழைத்துச் செல்ல இயலாது. பேருந்துகள் முந்தின நாள் மாலையிலேயே நிறுத்தப்படலாம். நடக்க முடியாத தாய்க்கு வண்டி பிடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். இவற்றை எல்லாம் கழித்தால் உண்மையான கடைசி நேரம் வியாழக்கிழமை நண்பகல். அப்போது வானம் ஒருவேளை வெளுத்துக்கூட இருக்கும். வெயில் காயும்போது மூட்டையோடு புறப்படுவது நமக்கே சற்றுக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தை வென்றவர்களே பாதுகாப்பாகச் சென்று சேர்கின்றனர்.

‘போன முறையும் போகச் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை’ என்னும் சொல்லை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தையடுத்து நம் கரையோர மக்களும் வெளியேறினர். கடல் எழும்பவில்லை; எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. அந்த மாலை வீணானதா? தீக்காப்பீட்டிற்குப் பிரீமியம் கட்டிய ஆண்டில் வீடு தீப்பற்றவில்லை என்று யாரும் வருந்துவதில்லை. வெளியேறிச் சென்று ஒன்றும் நேராமல் திரும்பி வருவதும் ஒரு பிரீமியமே. பாதி நாள் உழைப்பும் ஓர் இரவு உறக்கமும் அதன் விலை.

நம்மைக் கட்டிவைப்பவை

அழைப்பு வந்தும் மக்கள் வீட்டைவிட்டு நகராமைக்குக் காரணங்கள் உண்டு. அவற்றை அறியாமை என்று ஒதுக்குதல் முறையன்று. பூட்டிய வீட்டில் திருடு போகுமோ என்ற அச்சம் உண்மையானது. மாட்டை விட்டுவிட்டுப் போக மனம் வராது. முகாமில் கழிப்பறையும் மறைவிடமும் எப்படி இருக்குமோ என்று பெண்கள் தயங்குவர். ‘இந்த வீட்டில் பிறந்தேன், இங்கேயே இருக்கிறேன்’ என்று பெரியவர்கள் உறுதியாக நிற்பர்.

ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு விடை தேட இயலும். கால்நடைகளை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச் செல்ல இயலாவிடில் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். கட்டிய மாடு நீந்த இயலாது. முகாமை வறண்ட நாளிலேயே ஒருமுறை குடும்பத்தோடு சென்று பார்த்துவிட்டால் பாதித் தயக்கம் நீங்கும். முகாம் வேண்டாம் எனில், மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் இப்போதே சொல்லிவைக்கலாம். பெரியவர்களிடம் புயலன்று வாதாடுவதைவிட, அமைதியான நாளில் “எந்த நிலை வந்தால் நாம் எல்லாரும் கிளம்புவோம் என்று நீங்களே சொல்லுங்கள் அப்பா” என்று கேட்பது பயன் தரும். தாமே சொன்ன எல்லையை அவர்கள் மீறுவதில்லை.

இனி, எங்களால் நேரடியாக உதவ இயலும் கட்டுக்கு வருவோம்.

எது நனையலாம், எது நனையக்கூடாது?

பாஸ்புக், காசோலைப் புத்தகம், பற்று அட்டை, வைப்புநிதி ரசீது ஆகியவை அழிந்தாலும் உங்கள் பணத்திற்குக் கேடில்லை. கணக்கு வங்கியின் பதிவில் உள்ளது. உரிய விண்ணப்பத்தின் பேரில் இவற்றுக்கு மாற்று வழங்கப்படும். நனைந்து அழுக்கேறிய ரூபாய்த் தாள்களை எந்த வங்கிக் கிளையிலும் மாற்றிக்கொள்ளலாம். கிழிந்து சேதமுற்றவற்றுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி மதிப்பு வழங்கப்படும். இவற்றுக்காக ஒருவரும் வீட்டில் தங்கவோ, வெள்ளத்தில் திரும்பிச் செல்லவோ வேண்டியதில்லை.

பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெற இயலும். ஆனால் அதற்குப் பத்திர எண், ஆண்டு, அலுவலகத்தின் பெயர் ஆகியவை தெரிந்திருக்க வேண்டும். இவ்விவரங்களை ஒரு தாளில் எழுதி, வெளியூரில் உள்ள நம்பிக்கையான உறவினரிடம் ஒரு படி கொடுத்துவையுங்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை அரசின் ‘டிஜிலாக்கர்’ செயலியில் சேர்த்துக்கொள்ளலாம். வழங்கிய துறையே அதில் வெளியிடும் ஆவணங்களுக்கு மூல ஆவணத்திற்கு இணையான சட்ட மதிப்பு உண்டு.

நகைகளுக்கு வங்கிப் பாதுகாப்புப் பெட்டகம் ஏற்ற இடமே. ஆயினும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்வது எங்கள் கடமை. தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி நெறிமுறைகளின்படி, ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்கும். வெள்ளம், நிலநடுக்கம், இடி, மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்தால் நேரும் சேதத்திற்கு வங்கி பொறுப்பாகாது. எனவே பெட்டகத்தில் வைக்கும் பத்திரங்களையும் நீர் புகாத உறையில் இட்டே வையுங்கள்.

காப்பீட்டைப் பற்றிச் சில சொற்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்ப் பிரீமியத்தில், 18 முதல் 70 வயது வரை உள்ளோருக்கு விபத்து மரணத்திற்கு 2 லட்சம் ரூபாய் காப்பு உண்டு. இயற்கைப் பேரிடரால் நேரும் மரணமும் இதில் அடங்கும். ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயதினர் ஆண்டுக்கு 436 ரூபாய் செலுத்திச் சேரலாம். எக்காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் விபத்தல்லாத மரணத்திற்குச் சேர்ந்த முதல் 30 நாள்கள் காப்பு இல்லை. வீட்டிற்கென ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 2021 முதல் வழங்குகின்றன. புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு ஆகியவை இதில் அடங்கும். பயிர்க் காப்பீடு செய்தோர், வயல் நீரில் மூழ்குதல் போன்ற இழப்பை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். நீரில் நின்ற வாகனத்தை உடனே இயக்க முயலாதீர்கள். அதனால் எஞ்சின் பழுதடைந்தால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படக்கூடும்.

கணக்கில் நியமனதாரர் பெயர் உள்ளதா என்று இன்றே பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். உங்கள் கைப்பேசி எண் கணக்கில் சரியாகப் பதிவாகியுள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புயலுக்குப் பின் மின்சாரமும் இணைப்பும் இல்லாத நாள்களில் ஏடிஎம்மும் கைப்பேசிப் பரிமாற்றமும் இயங்காமற் போகலாம். ஒரு வாரச் செலவுக்கான தொகையை 50, 100, 200 ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள். மேலும், பேரிடரைத் தொடர்ந்து மோசடியாளர்களும் வருவர். ‘நிவாரணத் தொகை வந்துள்ளது, ஓடிபி சொல்லுங்கள்’ என்று எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

அலமாரிக் கதவில் ஒட்ட ஒரு தாள்

கீழுள்ள ஆறு வினாக்களுக்கும் குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து விடை எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்க வேண்டுகிறோம்.

1. நம் வீட்டிற்கு வரக்கூடிய இடர் எது: காற்றா, நீரா, மலைச்சரிவா, தொழிற்சாலைக் கசிவா?

2. எந்த அறிகுறி அல்லது அறிவிப்பு வந்தால் நாம் கட்டாயம் புறப்படுவோம்? (“ஆரஞ்சு எச்சரிக்கையும், ஏரி திறப்பு அறிவிப்பும் வந்தால்” என்பதுபோல் தெளிவாக எழுதுக.)

3. எங்கே செல்வோம்? அந்த வழி அடைபட்டால் வேறு எங்கே?

4. யாருக்கு உதவி தேவை? அவரை அழைத்துச் செல்லும் பொறுப்பு யாருடையது?

5. கையில் எடுக்கும் பையில் என்னென்ன இருக்கும்? (அடையாள ஆவணங்கள், பத்திர விவரத் தாள், ஒரு வார மருந்து, ரொக்கம், குடிநீர், கைவிளக்கு, சார்ஜர்.)

6. பிரிந்துவிட்டால் எந்த வெளியூர் உறவினருக்குத் தகவல் சொல்வோம்?

தாளின் கீழே அவசர உதவி எண் 112ஐயும், பல மாநிலங்களில் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைகளுக்கான எண்களாக உள்ள 1070 (மாநிலம்), 1077 (மாவட்டம்) ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசு வெளியேறச் சொன்னால், உங்கள் தாளில் எழுதியது எதுவாயினும் அரசின் உத்தரவே இறுதியானது.

ஃபனி கடந்து சில வாரங்களுக்குப் பின் அந்த மூதாட்டி மீண்டும் எங்கள் கிளைக்கு வந்தார். சேற்றில் ஊறிய இரண்டு வைப்புநிதி ரசீதுகள் கையில் இருந்தன. எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. எழுத்தர் கணினியில் பார்த்து, தொகையையும் முதிர்வு நாளையும் படித்துக் காட்டினார். மாற்று ரசீதுகளுக்கான விண்ணப்பத்தில் அவர் கைநாட்டு வைத்தார். பிறகு, நியமனதாரர் படிவம் ஒன்றும் கேட்டார். அன்று பெட்டியைச் சுமந்து வந்த பேரனின் பெயரை அதில் எழுதச் சொன்னார். அவன் இப்போது வெறுங்கையோடு அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.